1098-ஐ அழைத்த பிறகு என்ன நடக்கும்?

குழந்தைகள் உதவி எண் 1098 பாடப்புத்தகத்தில் இருக்கிறது, பள்ளிச் சுவரிலும் இருக்கிறது. பாலியல் கொடுமையைச் சொல்ல அழைத்த பிறகு என்ன ஆகும் என்பதுதான் எங்கேயும் இல்லை. நீலகிரியின் கூடலூர், பந்தலூர் எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வீடுகளில் பிள்ளைகள் வாயைத் திறக்காததற்குப் பாதிக் காரணம் இதுதான் என்பேன்.

முதல் பயம், "ஹோம்ல போட்டுருவாங்க." தப்பு செய்தவர் அதே வீட்டில் இருந்தாலோ, வீட்டில் பாதுகாப்பு இல்லாவிட்டாலோதான் அந்தப் பேச்சே வரும். அப்போதும் போலீஸ் தன்னிஷ்டத்துக்கு முடிவெடுக்க முடியாது. 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். வீட்டிலிருந்து மாற்றுவதா என்று குழு 3 நாளில் முடிவு சொல்ல வேண்டும். பாட்டி வீடோ சித்தி வீடோ போதும் என்றால் அதைக் குழுவிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்கள் விருப்பத்தையும் அவர்கள் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

வாக்குமூலத்துக்கு ஸ்டேஷன் போக வேண்டியதில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, உங்கள் வீட்டிலோ நீங்கள் சொல்லும் இடத்திலோ, நீங்கள் நம்பும் ஒருவர் பக்கத்தில் இருக்க, போலீஸார் சீருடை இல்லாமல் வந்து எழுத வேண்டும். கூடுமானவரை பெண் எஸ்.ஐ. எஸ்டேட்டில் இது கெடும் விதமே வேறு. மஃப்டியில்தான் வருவார்கள், ஆனால் போலீஸ் ஜீப்பில். லயன் வாசலில் ஜீப் நின்றால் பொழுது சாய்வதற்குள் எஸ்டேட் முழுக்கத் தெரிந்துவிடும். டவுனில் உள்ள உறவினர் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். அது சலுகை இல்லை, உரிமை.

மருத்துவப் பரிசோதனைக்கு எஃப்.ஐ.ஆர். வரும்வரை காத்திருக்க வேண்டாம், சட்டமும் அப்படிக் கேட்கவில்லை. அன்று போட்டிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் கட்டினால் நம் மழைக்காலத்து ஈரத்தில் பூஞ்சை பிடித்துத் தடயம் கெட்டுவிடும். பெண் பிள்ளையைப் பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும்.

பிறகு மாஜிஸ்திரேட்டிடம் அதே விஷயத்தை மறுபடி சொல்ல வேண்டும். உங்களை நம்பாமல் கேட்பதில்லை; நடைமுறை அது. கோர்ட் ஊட்டியில். வழக்கை விசாரணைக்கு எடுத்த 30 நாளில் பிள்ளையின் சாட்சியத்தைப் பதிய வேண்டும், கூடுமானவரை ஓராண்டில் வழக்கு முடிய வேண்டும் என்கிறது சட்டம். இழுத்தடிப்பும் நடக்கிறது. வாய்தாவுக்கு வாய்தா பந்தலூரிலிருந்து பஸ் ஏறினால் அம்மாவின் நாள் கூலியும் போகும். பல குடும்பங்கள் சோர்ந்துபோவது இங்கேதான். அதனால் குழுவிடம் ஆரம்பத்திலேயே இரண்டு கேளுங்கள்: வழக்கு முடியும்வரை கூடவே வர ஓர் ஆதரவு நபர், சாப்பாடு, போக்குவரத்துச் செலவுக்கு உடனடி நிவாரணம். வாயால் கேட்பதோடு நிறுத்தாமல் எழுதியும் கொடுங்கள்.

ஆசிரியர்களுக்கு: "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். தெரிந்தும் புகார் செய்யாவிட்டால் 6 மாதம் வரை சிறை. கீழே வேலை செய்பவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை.