மாங்காய்ப் பால் படிந்த விரலுக்கு எந்த போன் சரிப்படும்?

போன ஜூனில் காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் மண்டியில் பெங்களூரா ரக மாங்காய் இறங்கிக்கொண்டிருந்த நேரம். அப்பாவுக்கு முழங்கை வரைக்கும் மாங்காய்ப் பால். மாம்பழக்கூழ் கம்பெனியிலிருந்து போன். கட்டைவிரலால் மேலே தள்ளினார், எடுக்கவில்லை. வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடி தள்ளினார், கட் ஆகிவிட்டது. அடுத்த தடவை அடித்தபோது விரலை மடக்கி முட்டியால் இழுத்து ஒருவழியாகப் பேசினார். பேசி முடித்ததும், "பட்டன் போனை ஏன்டா புடுங்குன?" என்று திட்டு எனக்கு.

தப்பு அவர் மேல் இல்லை. இந்தத் திரை அழுத்தத்தைப் பார்ப்பதில்லை, விரல் பட்டால் மின்புலத்தில் வரும் சின்ன மாற்றத்தைத்தான் அளக்கிறது; தண்ணீர் சிந்தினால் அதையும் விரல் என்று நினைத்துக் குழம்பும். தொட்டால் போதும் என்றிருந்தால்கூட சமாளிக்கலாம், இழுக்கச் சொன்னால் பிசுபிசுத்த விரல் பாதியில் ஒட்டி நின்றுவிடுகிறது, பாதி இழுப்பு கணக்கில் வராது. 2017இல் ஐபோன் எக்ஸ் ஹோம் பட்டனை எடுத்துவிட்டு கீழிருந்து மேலே இழு என்றது, 2019இல் ஆண்ட்ராய்டு 10 வந்து பின்னால் போவதற்கும் ஓரத்திலிருந்து இழு என்றது. அந்த ஓரத்தில் எங்கே இழுப்பது என்று ஒரு அடையாளமும் கிடையாது. பட்டன் என்றால் கண்ணுக்காவது தெரியும்.

அதற்காக இழுப்பது, ஆட்டுவது மாதிரி சைகையே வேண்டாம் என்று சொல்லவில்லை. மோட்டோ போனைக் கையில் பிடித்து, கத்தியால் வெட்டுகிற மாதிரி ரெண்டு தடவை ஆட்டினால் டார்ச் எரியும் பாருங்கள், அதை யோசித்தவருக்கு ஒரு கூடை மல்கோவா அனுப்பலாம். ராத்திரி மோட்டார் போடத் தோப்புக்குப் போகும்போது ஒரு கையில் தடி, விரல் எப்படி இருந்தால் என்ன, மணிக்கட்டு போதும். (பைக்கில் வேகத்தடை ஏறி இறங்கி, பாக்கெட்டுக்குள் டார்ச் எரிய ஊர்கோலம் போனதும் உண்டு. ஒரே வெட்டுக்கு எரிகிற மாதிரி வைத்திருந்தால் நம் ரோட்டில் அணையவே அணையாது.)

தொடாமலே கையசைத்தால் பாட்டு மாறுகிற கூகுளின் பிக்சல் 4 போன் வந்ததும் 2019தான். உள்ளே ரேடார். அது ஓடும் 60 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அப்போது இங்கே அனுமதி இல்லாததால் போனே இந்தியாவுக்கு வரவில்லை. வந்திருந்தாலும் அப்பாவுக்குப் பாட்டு மாற்றுவதா பிரச்சினை?

அப்புறம் செட்டிங்ஸில் எங்கெங்கோ நுழைந்து தேடினால், வால்யூம் பட்டனை அமுக்கினால் கால் எடுக்கும் என்று ஒரு வசதி ஏழு கடல் தாண்டி ஒளிந்திருந்தது. போட்டுக்கொடுத்தேன். அந்த சீசன் முடிவதற்குள் வால்யூம் பட்டன் ஓரமெல்லாம் பால் காய்ந்து கறுத்துப்போனது, ஆனால் ஒரு காலும் தப்பவில்லை.