பழைய வண்டி நின்றால் ஏன் நின்றது என்று தெரியும்

போன மாதம் மச்சானின் புது வண்டி திருமங்கலம் தாண்டி நின்றுவிட்டது. வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். டேஷ்போர்டில் மஞ்சளாக ஒரு இன்ஜின் படம், கீழே சர்வீஸ் சென்டரை அணுகச் சொல்லி ஒரு வரி, அவ்வளவுதான். பானட்டைத் தூக்கினால் கறுப்பு பிளாஸ்டிக் மூடி. அதற்குள் என்ன இருக்கிறதென்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது, எட்டிப் பார்த்த பஞ்சர் கடைக்காரருக்கும் தெரியாது. ரெக்கவரி வண்டி வந்து தூக்கிக்கொண்டு போய், லேப்டாப்பை மாட்டிப் பார்த்துவிட்டு, சென்சார் என்றார்கள். எந்த சென்சார், ஏன் போச்சு என்று மச்சான் கேட்டார். "இப்ப ஓகே சார்" என்று பதில் வந்தது.

வண்டி நின்றது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. நின்று நின்று ஓடிய வண்டிகளில்தான் வளர்ந்தேன். ஏன் நின்றது என்று கடைசிவரை தெரியாமலே போனதுதான் உறுத்தியது.

எங்கள் வீட்டுக்கு முதலில் வந்த கார் ஃபியட். ஆர்.சி. புக்கில் பிரீமியர் பத்மினி என்றுதான் இருக்கும், ஆனால் மதுரையில் அந்தப் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அப்பா அதை வாங்கும்போதே பல கை மாறியிருந்தது. மீட்டரில் ஐந்து இலக்கம்தான். 99,999 முடிந்தால் மறுபடியும் பூஜ்யம். அது எத்தனை சுற்று வந்திருக்கிறது என்பது விற்றவருக்கே நிச்சயமில்லை. "ஒண்ணு, ரெண்டு இருக்கும் சார்" என்றாராம். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் ஒரு லட்சம் கிலோமீட்டர் இருக்கிறதே என்று அம்மா கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

அதனால் அந்த வண்டி செய்ததற்கெல்லாம் தயாரித்தவர்களைக் குறை சொல்ல முடியாது. வயசு அப்படி.

கொடைக்கானலுக்குப் போனால் கட்டாயம் நிற்கும். ஃபியட்டில் பெட்ரோல் பம்ப் இன்ஜினோடு ஒட்டி இருக்கும். இன்ஜின் சுற்றச் சுற்ற உள்ளே இருக்கும் டயாஃப்ரம் என்ற மெல்லிய படலம் மேலும் கீழும் போய் டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்து, அதைக் காற்றோடு கலக்கும் கார்பரேட்டருக்குத் தள்ளும். வெயிலில் ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு செகண்ட் கியரிலேயே மலை ஏறினால், இன்ஜின் சூட்டில் பம்புக்குள்ளும் பைப்புக்குள்ளும் பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்ப் திரவத்தை இழுக்கும், ஆவியை வைத்துக்கொண்டு அதனால் ஒன்றும் செய்ய முடியாது. வண்டி இரண்டு தடவை இருமும், அப்புறம் அமைதி. இதுதான் வேப்பர் லாக்.

மருந்து டிக்கியிலேயே இருக்கும். அம்மாவின் பழைய காட்டன் புடவையைக் கிழித்த துணி, வத்தலக்குண்டிலேயே பிடித்து வைத்த ஒரு கேன் தண்ணீர். துணியை நனைத்துப் பம்பின் மேல் சுற்றினால் சொய்ங் என்று ஒரு சத்தம் வரும். துணி காயக் காய மறுபடி தண்ணீர். டம்டம் பாறையில் இப்படி பானட்டைத் திறந்து வைத்து நிற்கும் வண்டிகள் நாலைந்தாவது இருக்கும். ரேடியேட்டர் மூடியை மட்டும் அப்பா யாரையும் தொட விடமாட்டார். விரலைத் தண்ணீரில் நனைத்து மூடியின் மேல் உதறுவார். சுர்ரென்று பொரிந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. துளி அப்படியே உட்கார்ந்தால், மடித்த துணியை மூடியின் மேல் போட்டு மெதுவாகத் திருகுவார். அந்த இடைவெளியில் பக்கத்து வண்டிக்காரர்கள் முறுக்கும் எலுமிச்சை சாதமும் கொண்டுவந்து கொடுத்து, அவர்கள் வண்டியின் சரித்திரத்தையும் சொல்லி முடித்துவிடுவார்கள். கொடைக்கானலில் அந்த முறை என்ன பார்த்தோம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. டம்டம் பாறை நன்றாக ஞாபகம் இருக்கிறது.

தெற்கு வாசல் பக்கம் ஒரு மெக்கானிக் பாய் இருந்தார். வண்டி நின்றால் அவர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "பெட்ரோலா, கரண்டா?" பழைய பெட்ரோல் வண்டி நிற்பதற்குப் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் காரணம். பிளக் வயரைக் கழற்றி இன்ஜினுக்குப் பக்கத்தில் பிடித்து செல்ஃப் அடித்துப் பார்ப்பார். நீலமாகப் பொறி விழுந்தால் கரண்ட் இருக்கிறது, அப்போது பெட்ரோலைத் தேட வேண்டும். பொறி இல்லையென்றால் அதை உண்டாக்கும் பாகங்களை, பாயிண்ட், கண்டென்சர், காயில் என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்த எனக்கே இது புரிந்தது. இன்ஜினுக்குள் ஏதோ தட்டுகிறது என்று நாம் சொன்னால், ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, முனையை இன்ஜினில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொள்வார். ஒவ்வொரு இடமாக நகர்த்தி நகர்த்திக் கேட்டுவிட்டு, "டேப்பட் தம்பி, பயப்படாத" என்பார். என் காதிலும் வைத்துக் காட்டியிருக்கிறார். எனக்கு எல்லாம் ஒரே சத்தமாகத்தான் கேட்டது.

சைலன்சர் புகையையும் அவரிடம்தான் படித்தேன். நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது, பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். கறுப்பென்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. இன்ஜின் சூடான பிறகும் வெள்ளையாகவே வந்துகொண்டிருந்தால் தண்ணீர் உள்ளே இறங்குகிறது, ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும், பர்ஸையும் பார்க்க வேண்டும். எங்கள் வண்டி பெரும்பாலும் நீலம்.

ஒரு முறை கோவில்பட்டியில் கல்யாணம் முடிந்து ராத்திரி திரும்பும்போது சாத்தூருக்கு முன்னால் மிஸ்ஸிங் அடித்து நின்றது. டீக்கடையில் நின்ற லாரி டிரைவர் ஒருவர், கேட்காமலே டார்ச்சோடு வந்தார். பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, "பாயிண்ட் கருகிப்போச்சு" என்று சொல்லிவிட்டு, எங்கிருந்தோ ஒரு துண்டு உப்புத்தாள் கொண்டுவந்து தேய்த்தார். பாயிண்ட் என்பது திறந்து மூடும் இரண்டு உலோக முனைகள். தேய்த்தால் போதாது, அது திறக்கும்போது இடைவெளி சரியாக இருக்க வேண்டும். கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர். அதை அளக்க ஃபீலர் கேஜ் என்று ஒரு கருவி உண்டு, அது எங்களிடமும் இல்லை, அவரிடமும் இல்லை. சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து, அட்டையைக் கிழித்து இடையில் செருகி, லேசாக உரசிக்கொண்டு வெளியே வருகிற அளவுக்கு வைத்து ஸ்க்ரூவை முடுக்கினார். முதல் செல்ஃபிலேயே பிடித்துக்கொண்டது. காசு வாங்க மறுத்துவிட்டார், ஒரு டீ குடித்தார். தீப்பெட்டி அட்டையில் வீடு வந்து சேர்ந்த வண்டியை எடுத்துக்கொண்டு அப்பா மறுநாள் பாயிடம் போனார். அவர் பார்த்துவிட்டு, "கரெக்டா வச்சிருக்கான், தொட வேணாம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

இப்படி எவ்வளவோ கைவைத்தியம். பெட்ரோல் டேங்க் ஒழுகினால் பார் சோப்பை அழுத்தித் தேய்ப்பார்கள், சோப்பு பெட்ரோலில் கரையாது என்பதால் நிற்கும். ரேடியேட்டரில் சின்ன ஓட்டை என்றால் உள்ளே மஞ்சள் தூள். மழையில் வைப்பர் போய்விட்டால் கண்ணாடியில் புகையிலை. ஃபியூஸ் போனால் சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித் தாள், இது மட்டும் ஆபத்து, யாரும் செய்ய வேண்டாம்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, அந்தக் காலம் மாதிரி வருமா என்று முடித்தால் லைக் நிறைய வரும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ரோட்டோரத்தில் நிற்கும் ஒரு லாரி டிரைவருக்கு எங்கள் வண்டியின் பாயிண்ட் எப்படித் தெரிந்தது? நாட்டில் ஓடியதே மொத்தம் இரண்டு மூன்று வகைக் கார்கள்தான் என்பதால் தெரிந்தது. பம்பாய் குர்லாவில் 1964-இல் ஃபியட் 1100 டிலைட் என்று வந்த உடம்புதான், எழுபதுகளின் நடுவில் பத்மினி என்று பெயர் மாறி, ஏறத்தாழ அப்படியே 2000 சுமார் வரைக்கும் வந்தது. அம்பாசிடர் இன்னும் மோசம், அல்லது இன்னும் சிறப்பு, எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டைக் கொண்டுவந்து ஐம்பதுகளின் கடைசியில் மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் தொடங்கியதை 2014 மே மாதம்தான் நிறுத்தினார்கள். (அப்புறம் 2017-இல் பேஷோ கம்பெனி அந்தப் பெயரை மட்டும் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. பெயருக்கே 80 கோடி!) எதைத் தயாரிக்கவும் அரசாங்க அனுமதி வேண்டியிருந்த லைசென்ஸ் ராஜ்ஜியத்தில் போட்டி கிடையாது, புது மாடல் போட வேண்டிய அவசியம் கிடையாது. கார் புக் பண்ணிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். வேறு வழியில்லாமல் ஊரே ஒரே இன்ஜினைப் படித்தது. எந்த ஊர் மெக்கானிக்குக்கும் அது அத்துப்படி, எந்தக் காலத்து வண்டியின் சாமானும் பெரும்பாலும் எந்த வண்டிக்கும் சேரும். எங்கள் ஃபியட்டின் பின்கதவு ஒன்று சென்னையில் பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டையிலிருந்து வந்தது. வண்டி வெள்ளை, கதவு வெளிர் நீலம். பெயின்ட் அடிக்கலாம் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார், அடிக்கவில்லை. ஆக, இன்று நாம் ஏங்குகிற அந்த "கையால் சரி பண்ணிவிடலாம்" என்பது, நம்மை வேறு எதையும் வாங்க விடாத அதே ஏற்பாட்டின் பிள்ளை. ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றைத் திட்ட முடியாது.

அதை உடைத்தது மாருதி 800. 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி முதல் வண்டியின் சாவியைக் கொடுத்தார். மூன்று சிலிண்டர், 796 சி.சி. காலையில் சாவியைத் திருகினால் ஸ்டார்ட் ஆனது என்பதே அன்று செய்தி. எனக்கு வேலை கிடைத்து தூத்துக்குடிக்குப் போனபோது நான் வாங்கியதும் ஒரு பழைய 800தான், கார்பரேட்டர் மாடல், நன்றாக ஓடித் தேய்ந்தது. இன்ஜின் பெரிய தொந்தரவு தரவில்லை. கடல் காற்றுதான் தின்றது. டிரைவர் சீட்டுக்குக் கீழே மிதியடியைத் தூக்கினால் ரோடு தெரியும். மழை நாளில் காலை எங்கே வைப்பது என்று யோசித்துதான் கிளட்ச் மிதிக்க வேண்டும். டிங்கர் ஒருவர் தகடு வைத்துப் பற்ற வைத்துக் கொடுத்தார். அடுத்த மழைக்காலத்தில் தகடு அப்படியே இருந்தது, அதைச் சுற்றி இருந்தது உதிர்ந்துவிட்டது.

ஆனாலும் அந்த வண்டியோடு இருந்த நிம்மதி வேறு. சந்தையில் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். யார் உரசினாலும் இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டே போய்விடலாம். பேட்டரி போனால் ஒரே ஆள் தள்ளினாலே நகரும், மொத்த எடையே 650 கிலோ சுமார்தான். சாவியைப் போட்டு, செகண்ட் கியரில் கிளட்ச்சை மிதித்துக்கொண்டு, வேகம் வந்ததும் படாரென்று விட வேண்டும். தள்ளியவர் ஓடிவந்து ஏறிக்கொள்ள வேண்டும், அவருக்காக வண்டியை நிறுத்தினால் கதை முடிந்தது. மச்சானின் வண்டி ஆட்டோமேட்டிக். அதை ஊரே கூடித் தள்ளினாலும் ஸ்டார்ட் ஆகாது.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாமல் போனால் தப்பு. எங்கள் ஃபியட்டில் சீட் பெல்ட் கிடையாது. நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக், மலை இறங்கும்போது சூடேறிப் பிடிப்பு குறையும். முன் சீட்டில் அம்மா மடியில் தம்பி உட்கார்ந்து வருவான். பெட்ரோலில் ஈயம் கலந்திருந்த காலம், நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல் வந்தது 2000 பிப்ரவரியில்தான். நீலப் புகை என்று நான் ரசித்து எழுதியதை யாரோ ஒருவர் பின்னால் சைக்கிளில் வந்து சுவாசித்திருக்கிறார். இன்று என் மகள் கல்லூரிக்குப் போவதற்கு அந்த வண்டியைக் கொடுப்பேனா என்றால், மாட்டேன். ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் உள்ள வண்டிதான் வாங்கிக் கொடுத்தேன். மஞ்சள் விளக்கு எரிந்தால் எரியட்டும்.

கேட்பது ஒன்றே ஒன்றுதான். பத்திரமாகவும் செய், திறந்து பார்க்கவும் விடு. ஏர்பேக் வைத்ததால் ஹெட்லைட் பல்பை மாற்ற பம்பரைக் கழற்ற வேண்டிய அவசியம் எப்படி வந்தது? என்ன கோளாறு என்று வண்டிக்கே தெரிகிறது, அதைக் காசு கொடுத்து வாங்கியவனுக்கு ஒரு வரியில் சொன்னால் என்ன குறைந்துவிடும்? இப்போது ஓ.பி.டி. ஸ்கேனர் என்று சின்னதாக ஒன்று கிடைக்கிறது, ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினால் கோளாறின் எண்ணை போனில் காட்டும். மச்சானுக்கு அதைத்தான் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். பாயின் ஸ்க்ரூ டிரைவர் அளவுக்கு வராது, ஏதோ.

மும்பையில் கடைசி பத்மினி டாக்சி 2003 அக்டோபரில் பதிவானது, இருபது வருஷக் கெடு முடிந்து 2023 அக்டோபர் இறுதியில் அதுவும் போய்விட்டது. நம் பக்கம் சொந்த வண்டிக்கு அந்தக் கெடு இல்லை, பதினைந்து வருஷம் ஆனால் எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கினார்கள். என் தூத்துக்குடி 800 இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. விற்றால் கிடைக்கும் தொகையைச் சொன்னால் என் மனைவி சிரிக்கிறாள், புதுப்பிக்க ஆகும் செலவைச் சொன்னால் சிரிப்பதில்லை.

இந்த முறை எஃப்.சி.க்கு முன்னால் கார்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும், ஆக்சிலரேட்டரை விட்டால் இன்ஜின் அணைந்துவிடுகிறது, ஐட்லிங்கே இல்லை. பாய் தொழிலை விட்டுப் பல வருஷம் ஆகிறது, அவர் மகன் டூவீலர் மட்டும்தான் பார்க்கிறார். மதுரை, விருதுநகர் பக்கம் கார்பரேட்டர் வேலை தெரிந்த பழைய ஆள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். ரிப்பேர் கிட் என்னிடமே இருக்கிறது. வண்டியும் அவ்வளவு தூரம் வந்துவிடும் என்றுதான் நினைக்கிறேன்.