பூநாரைக்குப் பின்னால் தெரிந்த கட்டடம்

போன மாதம் எங்கள் பறவை பார்க்கும் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி பூநாரைப் படம் போட்டிருந்தார். சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் 200 அடி சாலை ஓரம் நின்று எடுத்தது. காலை வெயிலில் இருபது முப்பது பறவைகள், தண்ணீரில் அவற்றின் நிழல். அழகான படம். பின்னணியில் பாதி எழும்பிய அடுக்குமாடியும் அதன் மேல் ஒரு கிரேனும் தெரிந்தன. "அந்தக் கட்டடம் எந்தப் பக்கம் வருது? ராம்சார் எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் இருக்கும்?" என்று கேட்டேன். (ராம்சார் என்பது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்குத் தரும் அங்கீகாரம்.) ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: "அண்ணா, இங்கே பறவை மட்டும் பேசலாமே. நியூஸ் வேண்டாம்." நாலு பேர் அதற்குக் கட்டைவிரலும் போட்டார்கள். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அப்படி இருந்தது தப்பு என்று அன்றிலிருந்து மனசு அரித்துக்கொண்டே இருக்கிறது.

பறவை மட்டும் பேச வேண்டும் என்ற அந்த விதி எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். ஒரு தேர்தல் சமயத்தில் இரண்டு பேர் கட்சிச் செய்திகளை மாற்றி மாற்றிப் போட்டுச் சண்டை பிடித்தார்கள். இரண்டு பேருமே குழுவை விட்டுப் போனார்கள். அதில் ஒருவர்தான் உள்ளான் வகைகளைக் காலின் நிறத்தையும் அலகின் நீளத்தையும் வைத்துப் பிரித்துச் சொல்ல எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர். அவர் போன இழப்பு இன்னும் இருக்கிறது. அதனால் அட்மின் விதி போட்டதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கட்சிச் சண்டைக்குப் போட்ட தடை, நாம் பார்க்கிற பறவை நிற்கிற தண்ணீரைப் பற்றிக்கூடப் பேச முடியாத தடையாக மாறிவிட்டது.

பள்ளிக்கரணையில் பறவை எங்கே முடிகிறது, செய்தி எங்கே தொடங்குகிறது? 2022இல் அது ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. சுமார் 1,248 ஹெக்டேர். அன்றைக்கு எங்கள் குழுவில் எல்லோரும் பூங்கொத்து போட்டுக் கொண்டாடினோம். அது செய்திதானே? அதே ஆண்டு ஏப்ரல் கடைசியில் பெருங்குடி குப்பைக்கிடங்கு பற்றி எரிந்தது. நாள்கணக்கில் புகை. அந்த வாரம் சதுப்பு நிலத்துப் பக்கம் போனவர்கள் இருமிக்கொண்டே திரும்பினார்கள். 2025இல் ராம்சார் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதிய கட்டடங்களுக்கு இப்போதைக்கு அனுமதி தரக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. இவ்வளவையும் விட்டுவிட்டு நீலச்சிறகி எத்தனை, ஊசிவால் வாத்து எத்தனை என்று மட்டும் எண்ணினால் நாம் எண்ணுவதற்கு என்ன அர்த்தம்?

இது பள்ளிக்கரணைக்கு மட்டும் உரிய விஷயமும் இல்லை. பாறு கழுகை எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டுக்கு வலி நீங்கப் போடுகிற டைக்ளோஃபெனாக் ஊசிதான் அதை ஊர் ஊராக அழித்தது. மருந்து போட்ட மாடு செத்தால், அதன் இறைச்சியைத் தின்ற கழுகின் சிறுநீரகம் கெட்டுப்போகும். கால்நடைகளுக்கு அந்த மருந்தைப் போடக் கூடாது என்று 2006இல் தடை வந்தது. மோயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்று நாம் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு கழுகு தேடுகிறோம் என்றால் அதற்குப் பின்னால் மருந்துக் கடையும் அரசாணையும் இருக்கின்றன. வேடந்தாங்கலும் அப்படித்தான். தங்கள் ஏரிப் பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுடுகிறார்கள் என்று ஊர்க்காரர்கள் முறையிட்டு, 1798 வாக்கில் கலெக்டரிடம் கவுல், அதாவது பாதுகாப்பு உறுதி தரும் ஆவணம், எழுதி வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரியும். பறவையையும் கலெக்டர் ஆபீஸையும் அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை.

சரி, நடந்ததற்கு வருகிறேன். எனக்கு அந்தப் பதிலைப் போட்டதும் படம் போட்ட அதே தம்பிதான். இலைக்கோழிக் குஞ்சை எங்கள் குழுவில் முதலில் கண்டுபிடித்துக் காட்டியவர் அவர். கண்ணுக்குள் தொலைநோக்கி இருக்கிறது என்று நாங்கள் சொல்வோம். அடுத்த ஞாயிறு நடை முடிந்து எல்லோரும் டீ குடித்துக் கிளம்பிய பிறகு, "அண்ணா, ஒரு நிமிஷம்" என்றார்.

"நான் அங்கதான் ஃபிளாட் புக் பண்ணியிருக்கேன். அந்த ஒரு கிலோமீட்டருக்குள்ள வருது. பட்டா இருக்கு, வில்லங்கச் சான்று சுத்தமா இருக்கு, பேங்க் கடன் தரேன்னு சொல்லுச்சு. சதுப்பு எல்லை எங்க இருக்குன்னு மட்டும் எனக்கு யாரும் காட்டல. இப்ப எல்லாம் நின்னு போச்சு. அட்வான்ஸா கொடுத்தது அப்பா ஊர்ல நிலம் வித்த பணம். நீங்க கேட்டதும், நம்ம ஆளுங்களே என்னைச் சதுப்பு நிலத்தை அழிக்கிறவன்னு சொல்லிடுவாங்களோன்னு பயந்துட்டேன்."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வேறு யாராவது இதே கதையைச் சொல்லியிருந்தால், "தெரிந்துதானே வாங்கினீர்கள்" என்று கேட்டிருப்பேன். ஆனால் ஆறு வருடமாக இந்த மனிதரோடு விடியற்காலைப் பனியில் நின்றிருக்கிறேன். கூழைக்கடா ஒன்று நைலான் வலையில் சிக்கியபோது முழங்கால் சேற்றில் இறங்கி அறுத்துவிட்டவர் இவர்.

அப்புறம் ஒன்றரை மணி நேரம் பேசினோம். என் வீடு மடிப்பாக்கத்தில். 2015இலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தெருவுக்குள் படகு வந்தது. தென்சென்னை ஏரிகள் பலவற்றின் உபரித் தண்ணீர் பள்ளிக்கரணைக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, கோவளம் பக்கம் கடலுக்குப் போக வேண்டும். அந்த வழியில் மண்ணைக் கொட்டி மேடாக்கினால் தண்ணீர் எங்கள் கூடத்தில்தான் வந்து நிற்கும். இதை அவரிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. "ஆனா அந்தப் பக்கம் அரசாங்க நிறுவனங்களே வளாகம் கட்டியிருக்கு, குப்பையை அரசாங்கமே கொட்டுச்சு, ரோடும் நடுவுல போகுது. கடைசியா வந்த நான் மட்டும் எப்படிண்ணா குத்தவாளி?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. தடை நீடிக்க வேண்டும் என்பதில் எனக்கு இன்றும் மாற்றம் கிடையாது. ஆனால் பணம் கட்டியவர்களுக்கு யார் திருப்பித் தருவது என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்காமல் அந்தத் தடையை ஆதரிப்பது நியாயமில்லை என்று இப்போது நினைக்கிறேன். தொலைக்காட்சி விவாதம் எத்தனையோ பார்த்திருக்கிறேன், அதில் எனக்கு இது உறைத்ததில்லை.

முகம் தெரியாதவர்களோடு செய்தி பேசினால் அவர்கள் எந்தப் பக்கம் என்பதுதான் முதலில் தெரியும். சேர்ந்து பறவை பார்த்தவரோடு பேசினால் முதலில் அந்த மனிதர் தெரிவார். எதிர்க்கருத்து சொன்னாலும் அடுத்த ஞாயிறு அவர் பக்கத்தில்தான் நிற்கப்போகிறோம். தோட்டம் போடுகிறவர்கள், சதுரங்கம் ஆடுகிறவர்கள், மழை அளக்கிறவர்கள் என எல்லாக் குழுவிலும் இந்த உறவு இருக்கிறது. அரசியல் பேசாதே என்று பூட்டுப் போடும்போது, நாட்டு நடப்பை நிதானமாகப் பேசக்கூடிய இடத்தையே மூடிவிடுகிறோம்.

அட்மினிடம் இதைச் சொன்னேன். வந்து குவியும் ஃபார்வர்டுகள் வேண்டாம், கட்சிப் படங்கள் வேண்டாம். போன இடத்தில் கண்ணால் கண்டதையும், அதனால் மனதில் எழுந்த கேள்வியையும் பேச விடுங்கள் என்றேன். யோசிக்கிறேன் என்றார்.

நேற்று அந்தத் தம்பி பள்ளிக்கரணைப் பட்டியல் போட்டிருந்தார். நெடுங்கால் உள்ளான், அரிவாள் மூக்கன், தாழைக்கோழி என்று 41 வகை. கடைசி வரியில், "எல்லைக் கல் எதுவும் கண்ணில் படவில்லை" என்று எழுதியிருந்தார். கீழே ஒருவர், "எந்த எல்லை?" என்று கேட்டிருந்தார். இந்த முறை யாரும் அவரை நிறுத்தவில்லை.