சிறுநீர்க் கசிவுக்குக் கர்ப்பப்பையைக் கொடுக்காதீர்கள்

கம்பத்திலிருந்து விடியுமுன்னே ஜீப்பேறி, கம்பம்மெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிற பெண்களில் பலர் காலையில் தண்ணீர் குடிப்பதில்லை. தோட்டத்தில் ஒதுங்க இடமில்லை என்பது ஒரு காரணம். இன்னொன்றை யாரும் சத்தமாகச் சொல்லமாட்டார்கள். இருமினால், தும்மினால், ஜீப் குழியில் இறங்கி ஏறினால் சிறுநீர் கசிந்துவிடுகிறது. என் மதினி பழைய வேட்டியைக் கிழித்து நாலாக மடித்து வைத்துக்கொண்டுதான் காய் எடுக்கப் போவார். தூக்குவாளிப் பையில் மாற்றுத்துணி வேறு. "மூணு பெத்தவளுக்கு இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்" என்று சொல்லியே வருஷங்களை ஓட்டிவிட்டார்.

கடைசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காட்டினோம். சரியாகப் பரிசோதிக்கக்கூட இல்லை. "கர்ப்பப்பையை எடுத்துடலாம், எல்லாம் சரியாயிடும்" என்றார்கள். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. பிரசவத்தாலும் வயசாலும் சிறுநீர்க்குழாயைக் கீழிருந்து தாங்கும் தசையும் சவ்வும் தளர்ந்துபோவதால் வருகிற கோளாறு இது. கர்ப்பப்பையை எடுத்தால் அந்தத் தாங்கல் எப்படித் திரும்ப வரும்?

முதல் வைத்தியம் இடுப்புத்தளத் தசைப் பயிற்சி, அதாவது சிறுநீரை அடக்குவதுபோல் அந்தத் தசையை இறுக்கித் தளர்த்துவது. பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொண்டு மூன்று மாதமாவது விடாமல் செய்யவேண்டும். நிறையப் பேருக்கு இதிலேயே குறைந்துவிடும். மதினிக்கும் குறைந்து வருகிறது.

அதிலும் நிற்காவிட்டால் அறுவை சிகிச்சை இருக்கிறது. பலருக்கு நன்றாகவே குணமாகிறது, பயந்து ஒதுக்கவேண்டாம். ஆனால் எந்த ஆபரேஷன் என்று கேட்டாக வேண்டும். 1996இல் ஸ்வீடன் டாக்டர் உல்ஃப் உல்ம்ஸ்டென் வெளியிட்ட முறையில், பாலிப்ரொப்பிலீன் வலைநாடாவைச் சிறுநீர்க்குழாய்க்குக் கீழே தூளி மாதிரி வைப்பார்கள். வெட்டு சிறிது, சீக்கிரம் வீடு திரும்பலாம். ஆனால் சிலருக்குப் பின்னாளில் அந்த நாடா யோனிச் சுவரை அரித்துக்கொண்டு வரும், தீராத வலி தரும். முழுசாக எடுப்பதும் லேசான காரியமில்லை. இப்படிப் பாதிக்கப்பட்ட பெண்கள் விடாமல் குரல் கொடுத்ததால்தான் இங்கிலாந்தில் 2018 ஜூலையில் அதை நிறுத்திவைத்தார்கள். வலை வேண்டாமென்றால் நம் அடிவயிற்றுச் சவ்விலிருந்தே பட்டை எடுத்து வைக்கலாம். பர்ச் என்கிற முறையில் சிறுநீர்ப்பையின் கழுத்துப் பகுதியைத் தையல் போட்டுத் தூக்கி நிறுத்தவும் செய்யலாம். இவற்றில் ஆற நாளாகும். எதைச் செய்தாலும் சிலருக்குக் கொஞ்ச நாள் சிறுநீர் போவதே சிரமமாகி டியூப் வைக்கவேண்டி வரலாம். இத்தனையும் சொன்ன பிறகுதான் கையெழுத்து வாங்கவேண்டும். தோட்டவேலைக்காரிக்கு என்ன புரியும் என்று நினைப்பது அநியாயம்.

அவசரமாக வந்து, பாத்ரூம் போவதற்குள் கசிவது வேறு கோளாறு. அதற்கு மாத்திரை உண்டு, இந்த ஆபரேஷன் அதற்கானதல்ல. சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். அதனால் சிறுநீர்ப்பை நிறைந்திருக்கும்போது இருமச்சொல்லிப் பார்க்காமல் யாரும் கத்தியை எடுக்கக்கூடாது. இன்னும் பிள்ளை பெற நினைப்பவர்கள் அதற்குப் பிறகு ஆபரேஷன் செய்துகொள்வது நல்லது.

கட்டியோ, தீராத உதிரப்போக்கோ இருந்து கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னால் அது தனி விஷயம். கசிவுக்காக மட்டும் சொன்னால் கையெழுத்துப் போடாமல் எழுந்து வாருங்கள். மதுரை ராஜாஜி அரசு ஆஸ்பத்திரியிலும், மலைக்கு அந்தப்பக்கம் கோட்டயம் மெடிக்கல் காலேஜிலும் சிறுநீர்க் கோளாறுகளைப் பார்க்கும் யூராலஜி பிரிவு இருக்கிறது. அங்கே ஒருமுறை காட்டுங்கள்.