‘ஷால்’ என்று எழுதியிருக்கிறது, சரி. யார் செய்ய வேண்டும்?

தோழி ஒருவர் தன் வாடகை ஒப்பந்தத்தை அனுப்பி, “இதைத் தமிழில் எழுதிக் கொடு, அம்மாவும் படித்துப் பார்க்கணும்” என்று கேட்டார். ஆங்கிலத்தில் இருந்தது. பக்கத்துக்கு ஐந்தாறு இடங்களில் ‘ஷால்’ (shall) என்ற ஆங்கிலத் துணைவினை. அந்தச் சொல் வந்த இடத்திலெல்லாம் ‘வேண்டும்’ போட்டுக்கொண்டே வேகமாகப் போனேன். மூன்றாம் பக்கத்தில் நான் எழுதியிருந்த ஒரு வரி என்னை நிறுத்தியது: “கட்டடம் என்னும் சொல் வாகன நிறுத்துமிடத்தையும் உள்ளடக்குதல் வேண்டும்.”

ஒரு சொல்லுக்குக் கடமை விதித்திருந்தேன். ஒரு சொல் எப்படிக் கடமையைச் செய்யும்?

திரும்ப முதல் பக்கத்துக்குப் போய் ஒவ்வொரு ஷாலாகப் பார்த்தேன். “வாடகைதாரர் ஐந்தாம் தேதிக்குள் வாடகை செலுத்த ஷால்” என்ற இடத்தில் அது கடமை. “இந்த ஒப்பந்தம் முதல் தேதியிலிருந்து நடைமுறைக்கு வர ஷால்” என்ற இடத்தில் வெறும் அறிவிப்பு. “வாடகைதாரருக்கு மொட்டை மாடியைப் பயன்படுத்தும் உரிமை இருக்க ஷால்” என்பது உரிமை. “வாடகைதாரர் தவறும் பட்சத்தில்” என்ற இடத்திலும் ஒரு ஷால் இருந்தது. அங்கே அது வெறும் நிபந்தனை. ஒரே தாளில் ஒரே சொல் இத்தனை வேலை பார்க்கிறது. அத்தனைக்கும் நான் ‘வேண்டும்’ என்றே எழுதியிருந்தேன்.

இந்தச் சொல்லின் பூர்விகம் எனக்கு மிகவும் பிடிக்கும். பழைய ஆங்கிலத்தில் இதன் முன்வடிவத்துக்குக் ‘கடன்பட்டிருக்கிறேன்’ என்று பொருள். ஜெர்மன் மொழியில் கடனையும் குற்றத்தையும் குறிக்கும் ‘ஷுல்ட்’ இதே வேரில் பிறந்தது. தமிழில் நமக்கு இதை விளக்கவே வேண்டாம். கடன், கடமை இரண்டும் நம்மிடம் ஒரே வேர்தான். ‘அது என் கடன்’ என்று சொன்னால் பணமா, பொறுப்பா என்று பேச்சின் போக்கிலேயே புரிந்துகொள்கிறோம். கடன் என்றால் பட்டவர் ஒருவர் இருக்க வேண்டும், கொடுத்தவர் ஒருவர் இருக்க வேண்டும். ஷாலின் ஆதிப் பொருளிலேயே ஆள் இருந்தார். பிற்பாடு ஆள் காணாமல் போய் சொல் மட்டும் தங்கிவிட்டது.

பள்ளியில் நமக்குச் சொல்லித் தந்தது இன்னொரு விதி. எதிர்காலத்தைச் சொல்ல ‘நான், நாம்’ வந்தால் ஷால், மற்றவர்களுக்கு ‘வில்’ (will). 1653-இல் ஜான் வாலிஸ் என்பவர் தம் ஆங்கில இலக்கண நூலில் வகுத்த விதி அது. அதையே திருப்பிப் போட்டு, ‘நீ’ ‘அவர்’ என்பவற்றோடு ஷால் வந்தால் அது எதிர்காலம் அல்ல, கட்டளையோ வாக்குறுதியோ மிரட்டலோ என்பார்கள். சட்டத்தில் வருவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. இன்று ஆங்கிலம் பேசுகிறவர்கள் அன்றாடப் பேச்சில் ஷாலை ஏறக்குறைய விட்டுவிட்டார்கள். ஆனால் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டிய நேரத்தில் மட்டும் அது எதிரே வந்து நிற்கிறது.

சரி, கட்டளை என்றால் கட்டளைதானே, நீதிமன்றம் அப்படியே எடுத்துக்கொள்ளும் என்று நினைப்போம். அப்படி இல்லை.

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 320-ஆவது பிரிவு, அரசு ஊழியர் மீதான ஒழுங்கு நடவடிக்கைகளில் தேர்வாணையத்தைக் கலந்தாலோசிக்க ‘ஷால்’ என்கிறது. ஆலோசிக்காமலே நடவடிக்கை எடுத்தால்? 1957-இல் மன்போதன் லால் வழக்கில் உச்ச நீதிமன்றம், அதனால் மட்டும் நடவடிக்கை செல்லாததாகிவிடாது என்றது. இங்கே ஷால் என்பது வழிகாட்டுதல்தான், மீறினால் எல்லாம் கவிழ்ந்துவிடும் கட்டாயம் அல்ல. நேர்மாறான வழக்கும் உண்டு. ‘மே’ (may, ‘செய்யலாம்’) போன்ற அனுமதிச் சொல்லுக்குள்ளும் சில சூழ்நிலைகளில் கடமை அடங்கியிருக்கலாம் என்பதை, அன்று உச்ச நீதிமன்றமாகவும் இயங்கிய பிரிட்டனின் பிரபுக்கள் சபை 1880-லேயே ஏற்றுக்கொண்டது. ஆக, சொல்லைப் பார்த்து மட்டும் முடிவுக்கு வர முடியாது. சட்டத்தின் நோக்கம் என்ன, மீறினால் என்ன ஆகும் என்று அந்தச் சட்டமே சொல்கிறதா, இவற்றையெல்லாம் எடைபோட்டுத்தான் தீர்ப்பு வருகிறது.

என்னை உலுக்கிய வழக்கு வேறொன்று. 1999, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் காசில் ராக் என்ற ஊர். பிரிந்து வாழும் கணவர் நெருங்கக் கூடாது என்று ஒரு பெண் நீதிமன்றத்தில் தடையுத்தரவு வாங்கியிருந்தார். அத்தகைய உத்தரவை நிறைவேற்றக் காவலர்கள் நியாயமான எல்லா வழிகளையும் கையாள ‘ஷால்’, மீறியவரைக் கைது செய்ய ‘ஷால்’ என்பது மாநிலச் சட்டம். அந்தக் கணவர் மூன்று மகள்களையும் கொண்டுபோய்விட்டார். தாய் திரும்பத் திரும்பக் காவல் நிலையத்தைக் கூப்பிட்டார், நேரிலும் போனார். யாரும் தேடிப் போகவில்லை. விடியுமுன் கணவர் காவல் நிலையத்துக்கே வந்து சுட, காவலர்கள் திருப்பிச் சுட்டதில் இறந்தார். அவருடைய வண்டியில் மூன்று குழந்தைகளும் பிணமாகக் கிடந்தார்கள்.

தாய் ஊர் நிர்வாகத்தின் மீது வழக்குப் போட்டார். 2005-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. யாரைக் கைது செய்வது என்பதைக் காவலரின் முடிவுக்கு விடும் மரபு மிகப் பழையது, சட்டத்தில் ஷால் என்று இருப்பதாலேயே அந்த மரபு மாறிவிடாது என்றார்கள். அப்படியே அது கட்டாயம் என்று வைத்துக்கொண்டாலும், அதை நிறைவேற்றச் சொல்லிக் கேட்கும் தனி உரிமை அந்தத் தாய்க்கு வந்துவிடாது என்றார்கள். 2011-இல் அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை ஆணையம், அமெரிக்கா அவருடைய உரிமைகளை மீறியதாகச் சொன்னது. அந்தப் பெண் அந்தச் சட்டத்தைப் படித்தபோது என்ன நினைத்திருப்பார்? ‘கைது செய்வார்கள்’ என்றுதானே நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் படித்திருப்பேன்.

இந்தச் சொல்லின் கனம் நன்றாகத் தெரிந்தவர்கள் அரசாங்கங்கள்தான். 2015 டிசம்பர் 12, பாரிஸ் பருவநிலை ஒப்பந்தம் நிறைவேற இருந்த மாலை. வளர்ந்த நாடுகள் மாசு குறைப்பில் முன்னின்று செயல்படுவது பற்றிய 4-ஆவது பிரிவில் ‘ஷுட்’ (should, ‘செய்வது தகும்’ என்ற அளவில் நிற்கும் சொல்) இருக்க வேண்டிய இடத்தில் ‘ஷால்’ இருப்பதை அமெரிக்கத் தரப்பு கவனித்தது. ஷால் என்றால் சட்டக் கடமை. செனட்டின் ஒப்புதலுக்குப் போக வேண்டியிருக்கும், அங்கே அது கிடைக்காது. கூட்டம் தாமதமானது. கடைசியில் எழுத்துப் பிழைத் திருத்தம் என்ற பெயரில் சொல்லை மாற்றிப் படித்து நிறைவேற்றினார்கள். நாடுகள் ஒரு சொல்லுக்காகக் கூட்டத்தையே நிறுத்தி வைக்கின்றன. நாம் பத்துப் பக்கத்தைப் புரட்டாமலே கையெழுத்துப் போடுகிறோம்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. தென்னாப்பிரிக்காவின் 1996 அரசமைப்புச் சட்டம் கடமையைச் சொல்ல ‘மஸ்ட்’ (must, ‘கட்டாயம் செய்ய வேண்டும்’) என்றே எழுதுகிறது. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் உரிமையியல் நடைமுறை விதிகளை 2007-இல் திருத்தி எழுதியபோது ஷாலை எடுத்துவிட்டு இடத்துக்கேற்ப மஸ்ட், மே, ஷுட் போட்டார்கள். பழைய ஷாலுக்குப் பின்னால் தலைமுறை தலைமுறையாகத் தீர்ப்புகள் இருக்கின்றன, அதைத் தொட்டால் புதிய குழப்பம் வரும் என்று சில வழக்கறிஞர்கள் சொல்வார்கள். அதிலும் நியாயம் உண்டு. அதே விதிகளில் 56-ஆவது விதிக்கு மட்டும் 2010-இல் ஷாலைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். பழைய சட்டங்களை அப்படியே விடலாம் என்றால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இன்று புதிதாக எழுதி, சட்டம் படிக்காத ஒருவரிடம் நீட்டும் தாளில் இந்தச் சொல் எதற்கு?

தமிழில் எழுதும்போது நமக்கு இன்னொரு சிக்கல். ‘செலுத்தப்படுதல் வேண்டும்’, ‘பராமரிக்கப்படுதல் வேண்டும்’ என்று எழுதிவிட்டால் தமிழாக்கம் முடிந்தது என்று நினைக்கிறோம். ஆங்கிலத்தில் ஒளிந்துகொண்ட ஆளைத் தமிழிலும் ஒளித்து வைக்கிறோம். சட்ட வரைவில் ஒரு எளிய சோதனை உண்டு. ஷால் இருக்கும் இடத்தில் ‘கடமைப்பட்டிருக்கிறார்’ என்று போட்டுப் பார்க்க வேண்டும். பொருள் நின்றால் அது கடமை. அங்கே ‘செய்ய வேண்டும்’ என்று ஆளோடு சேர்த்து எழுதலாம். நிற்கவில்லை என்றால் ‘ஆகும்’, ‘உண்டு’, ‘குறிக்கும்’, ‘கூடாது’, ‘செய்யலாம்’ என்று தமிழில் சொல்லுக்கா பஞ்சம்?

தோழியின் ஒப்பந்தத்தில் அந்தச் சோதனைக்குப் பிடிகொடுக்காத வரி ஒன்று இருந்தது. “வீடு நல்ல நிலையில் பராமரிக்கப்பட ஷால்.” கடமைதான், ஆனால் யாருடையது என்று அந்தப் பத்தியில் எங்கேயும் இல்லை. தமிழாக்கத்தில் அந்த இடத்தை வெறுமையாக விட்டு, ஓரத்தில் ‘யார்?’ என்று எழுதி அனுப்பினேன். அதைப் படித்துவிட்டு அவர் அம்மாதான் முதலில் கேட்டாராம், “மழைக்கு ஒழுகினால் நாமா பார்க்கணும், அவங்களா?” என்று. தோழி வீட்டு உரிமையாளரிடம் அதையே கேட்டார். அவருக்கும் தெரியவில்லை, யாரோ கொடுத்த மாதிரிப் படிவத்தில் அப்படி இருந்ததாம். இருவரும் பேசி அந்த வரியை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது இரண்டு வரிகள் இருக்கின்றன: “கூரை, சுவர், குழாய் பழுதானால் உரிமையாளர் ஏழு நாளுக்குள் சரிசெய்ய வேண்டும். வாடகைதாரர் உடைத்ததை வாடகைதாரர் சரிசெய்ய வேண்டும்.”