திருத்துவது வேறு, செப்பனிடுவது வேறு

நண்பர் ஒருவர் தான் எழுதிய கட்டுரையை அனுப்பி, "கொஞ்சம் திருத்திக் கொடுங்க" என்றார். ஒற்றுப்பிழைகளைச் சரிசெய்தேன். அப்புறம் நீண்ட வாக்கியங்களை உடைத்தேன், பத்திகளை இடம் மாற்றினேன். எல்லாம் சிவப்பில். வாங்கிப் பார்த்தவர் ஒன்றுதான் கேட்டார்: "இவ்வளவு தப்பாவா எழுதியிருக்கேன்?"

பிழைகள் ஏழெட்டுதான். மற்றதெல்லாம் என் யோசனைகள். இரண்டையும் ஒரே நிறத்தில் போட்டது பெரிய தவறு.

திருத்துவதற்குப் பிழை வேண்டும். 'அவனை பார்த்தேன்' என்று இருந்தால் 'அவனைப் பார்த்தேன்' என்று ஆக்கியே தீர வேண்டும். 'வேலை கொடு' என்றால் பணி. 'வேலைக் கொடு' என்றால் கையில் ஏந்தும் வேல். எழுதியவர் எதை நினைத்தாரோ அதற்கு ஒரு வடிவம்தான் சரி. என் ரசனைக்கு அங்கே வேலையே இல்லை.

செப்பனிடுவதற்குப் பிழை தேவையில்லை. 'மழை பெய்துகொண்டிருந்த காரணத்தினால் அவரால் வர இயலாமல் போயிற்று' என்பதில் இலக்கணக் குற்றம் எதுவும் கிடையாது. 'மழையால் அவர் வரவில்லை' என்று சுருக்கலாம், அவ்வளவுதான். அந்த நீளம் தனக்கு வேண்டும் என்று எழுதியவர் சொன்னால் நியாயம் அவர் பக்கம். 'செப்பம் உடையவன் ஆக்கம்' என்று தொடங்கும் 112ஆம் குறளில் செப்பம் என்பது நடுவுநிலைமை. அடுத்தவர் எழுத்தைத் தொடுகிறவருக்கு அதுதான் முதலில் வேண்டும்: தன் நடையின் பக்கம் சாயாமல் இருப்பது.

திருத்து என்ற சொல்லும் எப்போதும் இவ்வளவு கடுமையானது அல்ல. காட்டைத் திருத்திக் கழனி ஆக்கினார்கள் என்கிறோம். காட்டில் என்ன பிழை? 1978இல் தமிழ்நாடு அரசு ணை, லை போன்ற எழுத்துகளின் பழைய வடிவங்களை மாற்றியபோதும் 'எழுத்துச் சீர்திருத்தம்' என்றுதான் பெயர். அந்தப் பழைய வடிவங்கள் யாருடைய தவறும் அல்ல. ஆனால் சிறுவயதிலிருந்தே திருத்திய விடைத்தாளைக் கையில் வாங்கிப் பழகிவிட்டோம். சொல்லைக் கேட்டதுமே மதிப்பெண் குறைந்த மாதிரி மனம் சுருங்கிவிடுகிறது. நண்பரின் முகத்தில் நான் பார்த்தது அதைத்தான்.

இப்போதெல்லாம் முதலிலேயே கேட்டுவிடுகிறேன்: "திருத்தணுமா, செப்பனிடணுமா?" பிழையை வரியிலேயே மாற்றுவேன். யோசனையை ஓரத்தில் கேள்விக்குறியோடு எழுதுவேன்.

அந்த நண்பரிடம் மன்னிப்புக் கேட்டு, பிழைகளை மட்டும் திருத்திய படியை மறுபடி அனுப்பினேன். யோசனைகள் தனித் தாளில் போயின. அவற்றில் மூன்றை எடுத்துக்கொண்டார். மற்ற இடங்களில் அவருடைய வாக்கியங்கள் அப்படியே இருக்கின்றன.