டிராயரில் இருக்கும் ஸ்பூனும் ஃபோர்க்கும் போதும்

வேடிக்கைக்கென்றே செய்து விற்கிற கரண்டிகளை விட, தினமும் கழுவிக் கவிழ்த்து வைக்கிற சாதாரண ஸ்பூனிலும் ஃபோர்க்கிலும்தான் வேடிக்கை அதிகம் என்பேன்.

ஒரே அளவுள்ள இரண்டு எவர்சில்வர் ஃபோர்க்குகளை முள்ளோடு முள்ளாகக் கோத்து அழுத்துங்கள். கோத்த இடுக்கில் ஒரு பல்குச்சியைச் செருகி, குச்சியைக் கண்ணாடி டம்ளரின் விளிம்பில் வையுங்கள். கைப்பிடிகள் இரண்டும் டம்ளரைக் கட்டிப்பிடிக்க வருவது போல இருபக்கமும் அதை நோக்கித் திரும்பியிருக்க வேண்டும். குச்சியை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் கையை எடுத்துவிடலாம். இரண்டு ஃபோர்க்கும் அந்தரத்தில் நிற்கும்! கைப்பிடிகளின் எடையால் ஈர்ப்பு மையம் விளிம்புக்கு நேர் கீழே போய்விடுகிறது, அவ்வளவுதான்.

விழுந்தால் பெரும்பாலும் கோர்வை தளர்ந்திருக்கும், இல்லையென்றால் கைப்பிடிகள் வெளிப்பக்கம் விரிந்திருக்கும். பிளாஸ்டிக் ஃபோர்க் வழுக்கும், வேண்டாம். நின்றபின், டம்ளருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சி முனையைக் கொளுத்துங்கள். தீ விளிம்பு வரை வந்து அணைந்துவிடும். கண்ணாடி சூட்டை இழுத்துக்கொள்வதால் அதற்கு மேல் குச்சி எரியாது. ஃபோர்க்குகள் அசையாது.

குழந்தைகள் இருந்தால் தீ வேண்டாம், நூல் போதும். ஒரு மீட்டர் பருத்தி நூலின் நடுவில் உலோக ஸ்பூனைக் கட்டி, இரு நுனிகளையும் ஆள்காட்டி விரல்களில் சுற்றிக் காதில் வைத்துக்கொண்டு, ஸ்பூனை மேசை விளிம்பில் இடிக்கவிடுங்கள். பெரிய மணியோசை கேட்கும். அதிர்வு நூல் வழியே நேரே காதுக்கு வருகிறது. நூல் தொய்ந்தாலோ உடம்பில் பட்டாலோ ஓசை செத்துவிடும்.

கடையில் வாங்குகிற புதுமைகளுக்கு வருவோம். ஸ்பூன், ஃபோர்க், கத்தி மூன்றையும் ஒன்றாக்கிய கருவிக்கு 1874-லேயே அமெரிக்காவில் சாமுவேல் ஃபிரான்சிஸ் காப்புரிமை வாங்கிவிட்டார். ஸ்பூன் நுனியில் ஃபோர்க் பல் வைத்த இன்றைய ஸ்போர்க்கிலும் சிக்கல் தீரவில்லை. பல்லை நீட்டினால் சூப் ஒழுகும், குறைத்தால் எதையும் குத்தி எடுக்க முடியாது. நிறம் மாறும் ஸ்பூன் பிடிக்கும், ஆனால் கொதிநீரும் வெயிலும் அதன் சாயத்தைக் கெடுத்துவிடும்.

காலியம் என்ற உலோகத்தில் வார்த்த ஸ்பூன் மட்டும் தனி ரகம். 29.8 டிகிரி செல்சியஸில் உருகுவதால் வெந்நீரில் விட்டதும் கரைந்தது போலக் காணாமல் போகும். கரைவதில்லை, உருகி அடியில் தங்குகிறது. அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, காலியம் அதை அரித்து நொறுங்க வைத்துவிடும். அந்த நீரைக் குடிக்காதீர்கள். உருகியதை எடுத்து அச்சில் ஊற்றிக் குளிரவைத்தால் திரும்பவும் ஸ்பூன்.